கரன்ட் பில் குறைந்தால் கார்பனும் குறையுமா? கழிவுநீர் நிலையங்களின் வாயுக் கணக்கு

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கூரையில் சூரியத் தகடுகளைப் பதிக்கிறார்கள். கசடிலிருந்து வரும் வாயுவில் என்ஜின் ஓட்டிக் கரன்ட் எடுக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு யூனிட்கூட வாங்க வேண்டாம் என்ற நிலை வந்ததும் 'கார்பன் சமநிலை எய்திய நிலையம்' என்று செய்தி வருகிறது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு செய்தி: இதே மாதிரி நிலையங்களிலிருந்து பசுங்குடில் வாயுக்கள் நினைத்ததைவிட அதிகமாக வெளியேறுகின்றன என்று. இரண்டையும் படிப்பவர் குழம்பத்தான் செய்வார்.

இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். முதல் செய்தி மின்சாரத்தைப் பற்றியது. இரண்டாவது, தொட்டியிலிருந்து கிளம்பும் வாயுவைப் பற்றியது. பல நிலையங்களில் இந்த இரண்டாவது கணக்குதான் பெரியது. அதைப் பார்க்காமல் கரன்ட்டை மட்டும் குறைக்கப் போனால், சில சமயம் மொத்த உமிழ்வு கூடிவிடவும் வாய்ப்பு உண்டு. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## கழிவுநீரில் என்ன இருக்கிறது?

வீட்டுக் கழிவுநீரில் சுமார் 99.9 சதவீதம் வெறும் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் துளியில் இரண்டு பொருள்கள் நமக்கு முக்கியம்.

1. கரிமப் பொருள். மலம், உணவு மிச்சம், சோப்பு, எண்ணெய் எல்லாம் இதில் அடக்கம். பாக்டீரியாவுக்கு இது சாப்பாடு. எவ்வளவு இருக்கிறது என்பதை, அதைத் தின்று முடிக்க பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று பார்த்து அளக்கிறார்கள். இந்த அளவுக்கு பி.ஓ.டி. என்று பெயர். ஒருவர் ஒரு நாளில் சேர்ப்பது நாட்டுக்கு நாடு மாறும். 40 முதல் 60 கிராம் வரை என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம்.

2. நைட்ரஜன். நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து வருவது. கழிவுநீரின் கன அளவில் சிறுநீர் ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஆனால் நைட்ரஜனில் சுமார் 80 சதவீதம் அதிலிருந்துதான் வருகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுத்திகரிப்பு என்பது பாக்டீரியாவை வேலை வாங்குவது. காற்று கொடுத்தால் ஒரு வகை பாக்டீரியா கரிமப் பொருளைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக மாற்றும், தானும் பெருகும். காற்றே இல்லாவிட்டால் வேறு வகை வந்து உட்கார்ந்து மீத்தேன் தயாரிக்கும். இன்று உலகம் முழுக்க ஓடும் பெரும்பாலான நிலையங்கள் முதல் வழியில் போகின்றன. தொட்டியில் காற்றை ஊதி, பெருகிய பாக்டீரியாவைக் கசடாக அடியில் படியவைத்து, அதில் ஒரு பகுதியைத் திரும்பவும் தொட்டிக்கே அனுப்பும் முறை இது. எட்வர்ட் ஆர்டனும் வில்லியம் லாக்கெட்டும் 1914இல் மான்செஸ்டரில் இதை அறிவித்தார்கள். நூறு ஆண்டு தாண்டியும் அடிப்படை மாறவில்லை.

## மூன்று வாயு, மூன்று எடை

எல்லா வாயுவும் ஒரே அளவு சூடேற்றுவதில்லை. அதனால் ஒவ்வொன்றையும் 'எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்' என்று மாற்றி எழுதுகிறார்கள். இதுதான் கார்பன் சமான எடை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கைப்படி, நூறு ஆண்டுக் கணக்கில்:

1. ஒரு கிலோ மீத்தேன், உயிர்ப்பொருளிலிருந்து வந்ததாக இருந்தால், 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது 80ஐ ஒட்டி வரும். மீத்தேன் சீக்கிரம் அழிந்துபோகிற வாயு. அதன் அடியில் பெரும்பகுதி முதல் ஓரிரு பத்தாண்டுகளிலேயே விழுந்துவிடுகிறது.

2. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோவுக்குச் சமம். பல் மருத்துவரிடம் 'சிரிப்பூட்டும் வாயு' என்று கேள்விப்பட்டிருப்போமே, அதேதான்.

3. கார்பன் டை ஆக்சைடு ஒன்றுக்கு ஒன்று. ஆனால் தொட்டியில் பாக்டீரியா விடும் கார்பன் டை ஆக்சைடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் சாப்பிட்டது செடியிலிருந்து வந்தது. செடி அதைச் சமீபத்தில் காற்றிலிருந்து எடுத்தது. எடுத்த இடத்துக்கே திரும்புகிறது என்பது வாதம். சோப்புத்தூளிலும் ஷாம்பூவிலும் பெட்ரோலியத்திலிருந்து வந்த கார்பன் ஒரு பகுதி இருக்கிறதே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். வழக்கமான கணக்குகள் அதைக் கண்டுகொள்வதில்லை.

## ஓர் ஆள், ஓர் ஆண்டு

எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது பெரிது என்பது புரியும். ஒருவர் ஒரு நாளில் 150 லிட்டர் கழிவுநீர் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.ஓ.டி. 40 கிராம். ஆண்டுக்கு நைட்ரஜன் சுமார் 4 கிலோ. மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது, யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

1. மின்சாரம். ஆண்டுக்கு 55 கன மீட்டர் தண்ணீர். கன மீட்டருக்கு அரை யூனிட் என்றால் 27 யூனிட் சொச்சம். அதாவது 19 கிலோ.

2. நைட்ரஸ் ஆக்சைடு. நிலையத்துக்குள் வரும் நைட்ரஜனில் 1.6 சதவீதம் இந்த வாயுவாகப் போகிறது என்பது ஐ.பி.சி.சி. 2019இல் தந்த பொது மதிப்பு. நாலு கிலோவுக்குப் போட்டுப் பார்த்தால் 64 கிராம் நைட்ரஜன்; அதோடு ஆக்சிஜனின் எடையும் சேர்ந்தால் 100 கிராம் வாயு வரும். 273ஆல் பெருக்கினால் 27 கிலோ.

3. மீத்தேன். காற்றூட்டும் நிலையத்திலும் கொஞ்சம் வரும். அதே 2019 மதிப்பை வைத்தால் 7 கிலோ.

ஆக மொத்தம் 53 கிலோ. அதில் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். நிலக்கரியை விட்டுவிட்டு யூனிட்டுக்கு 0.2 கிலோ என்ற மின்சாரத்துக்கு மாறினால் 19 என்பது 5 அல்லது 6 ஆகிவிடும். மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மின்கட்டமைப்பு சுத்தமாக ஆக, மிச்சத்தில் வாயுக்களின் பங்கு பெருத்துக்கொண்டே போகும்.

இப்போது நாலாவதாக ஒன்று. அதே ஆளின் கழிவு நிலையத்துக்குப் போகாமல் செப்டிக் டேங்கில் விழுந்தால்? ஆண்டுக்கு 14.6 கிலோ பி.ஓ.டி. கிலோவுக்கு அதிகபட்சம் 0.6 கிலோ மீத்தேன் வரலாம். செப்டிக் டேங்கில் அதில் பாதி என்பது ஐ.பி.சி.சி. தரும் பொது மதிப்பு. கணக்குப் பார்த்தால் 4.4 கிலோ மீத்தேன், கிட்டத்தட்ட 118 கிலோ கார்பன் சமானம். கரன்ட்டே செலவாகாத செப்டிக் டேங்க், காற்று ஊதும் புளோயர் இரவு பகலாக ஓடும் நிலையத்தைப் போல இரு மடங்குக்கு மேல் சூடேற்றுகிறது!

தோராயக் கணக்குதான் இது. ஊருக்கு ஊர், தொட்டிக்குத் தொட்டி மாறும். ஆனால் வரிசை பெரும்பாலும் மாறாது. உலகில் உருவாகும் கழிவுநீரில் ஏறக்குறைய பாதி எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமலே வெளியேறுகிறது. தேங்கிய சாக்கடையிலும் குட்டையிலும் அது செய்வதும் செப்டிக் டேங்க் செய்யும் அதே வேலையைத்தான். எனவே நிலையம் இல்லாத இடத்தில் ஒழுங்காக ஓடும் நிலையம் ஒன்றைக் கட்டுவது, ஏற்கெனவே இருக்கும் நிலையத்தில் சூரியத் தகடு போடுவதைவிடப் பெரிய உமிழ்வுக் குறைப்பு. இது செய்திகளில் அதிகம் வருவதில்லை.

இன்னொரு விஷயம். மேலே இரண்டாவது எண்ணில் பார்த்த நைட்ரஸ் ஆக்சைடுக்கு, 2006 வழிகாட்டியில் ஐ.பி.சி.சி. தந்திருந்த மதிப்பு ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு வெறும் 3.2 கிராம். 2019 மதிப்பை வைத்து நமக்கு வந்தது 100 கிராம். முப்பது மடங்கு! வாயு திடீரென்று கூடிவிடவில்லை. முன்பு மிகச் சில இடங்களில், சில நாள் மட்டும் அளந்ததை வைத்து எழுதினார்கள். பிறகு நிறைய இடங்களில், ஆண்டு முழுக்க அளக்கத் தொடங்கினார்கள். 'நினைத்ததைவிட அதிகம்' என்று வரும் செய்திகள் பலவற்றின் பின்னணி இதுதான்.

## புளோயர் அறையும் தொட்டியின் மேற்பரப்பும்

முதலில் கரன்ட்டை முடித்துவிடலாம். நிலையம் இழுக்கும் மின்சாரத்தில் பாதி அல்லது அதற்கு மேல் காற்றூட்டலுக்கே போகிறது. புளோயர் காற்றை அழுத்தி அனுப்ப, தொட்டியின் அடியில் வரிசையாகப் பொருத்தியிருக்கும் டிஃப்யூசர்களின் ரப்பர் உறையில் உள்ள நுண்துளைகள் வழியாக அது குமிழிகளாக வெளிவருகிறது. குமிழி சிறிதாக இருந்தால் ஆக்சிஜன் அதிகம் கரையும். பெரிதாக இருந்தால் கரையாமல் மேலே வந்து வெடித்துவிடும்.

தொட்டியின் விளிம்பில் நின்று பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். டிஃப்யூசர்கள் நன்றாக இருந்தால் மேற்பரப்பு முழுக்கச் சன்னமான குமிழிகள் ஒரே சீராக வரும். உறை கிழிந்த இடத்தில் மட்டும் உலை கொதிப்பதுபோலத் தண்ணீர் பொங்கும். அடைத்துப்போன இடம் அசையாமல் கிடக்கும். அடைப்பு கூடக் கூட புளோயர் அதிக அழுத்தத்தில் தள்ள வேண்டியிருக்கும்; மீட்டர் ஓடும்.

அப்புறம், எவ்வளவு காற்று போதும் என்ற கேள்வி. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை டி.ஓ. என்பார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் பொதுவாகப் போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 5இல் வைத்து ஓட்டுகிற நிலையங்கள் உண்டு. தண்ணீர் ஏற்கக்கூடிய உச்சம் ஏறக்குறைய 8 மில்லிகிராம். 2இல் இருக்கும்போது உச்சத்துக்கு 6 இடைவெளி; 5இல் இருக்கும்போது 3தான். ஆக்சிஜன் கரையும் வேகம் இந்த இடைவெளியைப் பொறுத்தது. ஆக, 5இல் வைத்திருப்பவர் அதே வேலைக்கு இரண்டு மடங்கு காற்றை ஊதுகிறார். பைசா பெறாத சொகுசு.

அதனால் முதல் யோசனை எல்லோருக்கும் ஒன்றுதான்: காற்றைக் குறை. இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

## காற்றைக் குறைத்தால் கிளம்பும் வாயு

நைட்ரஜனை நீக்குவது இரண்டு கட்ட வேலை. காற்று இருக்கும் தொட்டியில் ஒரு கூட்டம் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இது நைட்ரிஃபிகேஷன். ஒரு கிலோ நைட்ரஜனுக்கு 4.6 கிலோ ஆக்சிஜன் கேட்கும் வேலை. காற்றில்லாத அடுத்த தொட்டியில் வேறொரு கூட்டம் நைட்ரேட்டைப் படிப்படியாக உடைத்து நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். இது டீநைட்ரிஃபிகேஷன். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் பெரும்பகுதி அந்த வாயுதான். அதனால் தொல்லை இல்லை.

நைட்ரஸ் ஆக்சைடு பிறப்பது இந்தச் சங்கிலி இடையில் தடுமாறும்போது. முக்கியமாக மூன்று இடங்களில்.

1. அம்மோனியா நிறைய வந்து ஆக்சிஜன் போதாமல் போனால், முதல் கூட்டம் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரைட்டைப் பயன்படுத்தத் தொடங்கும். விளைவு நைட்ரஸ் ஆக்சைடு. கரன்ட்டை மிச்சப்படுத்த டி.ஓ.வை 0.5க்கு இறக்கினால் நேரக்கூடியது இதுதான்.

2. காற்றில்லாமல் இருக்க வேண்டிய தொட்டிக்குள் ஆக்சிஜன் கலந்துவிட்டால், சங்கிலியின் கடைசிப் படிதான் முதலில் நின்றுபோகும். நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜன் வாயுவாக்கும் நொதி, இந்தச் சங்கிலியின் நொதிகளிலேயே ஆக்சிஜனுக்கு அதிகம் பயப்படுவது.

3. இரண்டாவது கூட்டத்துக்குத் தின்னக் கரிமப் பொருள் பற்றாமல் போனாலும் சங்கிலி பாதியில் அறுந்துபோகும்.

மூன்றிலும் பொதுவாகத் தெரியும் அறிகுறி ஒன்று உண்டு: தொட்டியில் நைட்ரைட் ஏறுவது. அது ஏறுகிறது என்றால் வாயுவும் கிளம்பியிருக்கும் என்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோவுக்குச் சமம் என்று பார்த்தோம். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்ற மின்சாரத்தில் அது 390 யூனிட். அதாவது புளோயரை இறக்கி ஒரு நாளில் 390 யூனிட் மிச்சம் பிடித்து, அதனால் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாகக் கிளம்பினால் லாபம் பூஜ்யம். பில் மட்டும் குறைந்திருக்கும். மீட்டரில் வருவது கண்ணுக்குத் தெரிகிறது; நிறமும் பெரிதாக மணமும் இல்லாத வாயு தெரிவதில்லை. இந்த ஒரு காரணத்தாலேயே பல நிலையங்கள் தவறான எண்ணைத் துரத்துகின்றன என்பது என் கருத்து.

அளப்பதும் சுலபமில்லை. திறந்த தொட்டி, பரந்த மேற்பரப்பு; மேலே மூடி மிதக்கவிட்டு அங்கங்கே பிடித்துத்தான் அளக்க வேண்டும். ஹெல்சிங்கியின் வீக்கின்மாக்கி நிலையம் இதற்கு நல்ல விதிவிலக்கு. பாறையைக் குடைந்து நிலத்துக்கடியில் கட்டிய நிலையம் அது. 1994 முதல் ஓடுகிறது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கழிவுநீர் அங்கே போகிறது. நிலத்துக்கடியில் இருப்பதால் எல்லாத் தொட்டிகளின் காற்றும் ஒரே போக்கி வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அந்த ஒரு குழாயில் கருவியை வைத்தால் நிலையம் முழுவதையும் அளந்ததாகிவிடும். பாறைக்குள் கட்டியது வேறு காரணங்களுக்காக. ஆராய்ச்சியாளர்களுக்கு அது வரமாகிவிட்டது. நெதர்லாந்தில் ரோட்டர்டாம் பக்கத்தில் இருக்கும் கிராலிங்சேவேர் நிலையமும் மூடப்பட்டது. அங்கே 16 மாதம் தொடர்ந்து அளந்து 2013இல் வெளியிட்ட முடிவில், நிலையத்தின் மொத்தக் கார்பன் கணக்கில் பெரும்பகுதி நைட்ரஸ் ஆக்சைடுதான் என்று தெரிந்தது.

இப்படித் தொடர்ந்து அளந்ததில் தெரியவந்த இன்னொன்று: இந்த வாயு ஆண்டு முழுக்க ஒரே மாதிரி வருவதில்லை. சில மாதங்களில் அடங்கிக் கிடந்து சில வாரங்களில் கொட்டும். ஒரு வாரம் மட்டும் அளந்துவிட்டு ஆண்டுக்கணக்கு எழுதினால் அது அதிர்ஷ்டக் கணக்கு.

## கசடு வாயு: கரன்ட்டும் வரும், கசிவும் வரும்

படிந்த கசடைக் காற்றுப் புகாத செரிமானத் தொட்டியில் போட்டு, சுமார் 35 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் வாயு வரும். அதில் 60 முதல் 65 சதவீதம் மீத்தேன். அதை எரித்தால் கரன்ட். எரிப்பதால் வரும் கார்பன் டை ஆக்சைடு உணவிலிருந்து வந்ததால் கணக்கில் சேராது.

இதில் சாதித்துக் காட்டியவர்கள் உண்டு. ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைவிட அதிகமாகத் தயாரிப்பதில் பேர் வாங்கியது. டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரின் மார்செலிஸ்போர்க் நிலையமும் அப்படியே. இருவரும் செய்தது மந்திரமில்லை. தொடக்கத்திலேயே கரிமப் பொருளை முடிந்தவரை கசடாகப் பிரித்துச் செரிமானத் தொட்டிக்கு அனுப்பினால் இரட்டை லாபம்: காற்றூட்ட வேண்டிய சுமை குறைகிறது, வாயு கூடுகிறது. வாஷிங்டன் நகரின் புளூ பிளெய்ன்ஸ் நிலையத்தில் 2015 முதல் கசடை முதலில் அழுத்தத்தில் வேகவைத்துவிட்டுத்தான் செரிமானத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். வெந்த கசடு சீக்கிரம் செரிக்கும்.

சரி, கசிந்தால்? ஒரு கன மீட்டர் மீத்தேன் சுமார் 0.7 கிலோ எடை. என்ஜினில் எரித்தால் 4 யூனிட் கரன்ட் வரும். நிலக்கரி மின்சாரத்துக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தினால் 2.8 கிலோ மிச்சம். அதே ஒரு கன மீட்டர் எரியாமல் தப்பித்தால் 19 கிலோ சேதம். ஒன்று கசிந்தால் ஏழு எரித்த பலன் போச்சு. கசிவு 13 சதவீதத்தைத் தொட்டால் மொத்த லாபமும் காலி. மின்கட்டமைப்பு சுத்தமாகி யூனிட்டுக்கு 0.2 கிலோ என்று வந்துவிட்ட நாட்டில் 4 சதவீதக் கசிவே போதும். பசுமையான நாடுகளில்தான் கசிவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

கசிவது எங்கே? தொட்டிக் கூரையின் விரிசல், அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் வால்வு, மிஞ்சும் வாயுவை எரிக்க வைத்து அணைந்துபோன சுடர், என்ஜினில் எரியாமல் புகையோடு போகும் பங்கு. எல்லாவற்றையும்விட அடிக்கடி மறக்கப்படுவது, செரித்து முடிந்த கசடைத் திறந்தவெளித் தொட்டியில் தேக்குவது. அது 'முடிந்தது' என்று நினைத்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். அமெரிக்காவில் 63 நிலையங்களைச் சுற்றிக் கருவி பொருத்திய காரில் போய் அளந்து, 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அரசின் அதிகாரபூர்வக் கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மீத்தேன் வெளியேறுகிறது என்றது அது.

வெப்ப நாடுகளுக்குச் சிபாரிசு செய்யப்படும் இன்னொரு முறையிலும் இதே பிரச்சினை உண்டு. நெதர்லாந்தின் வாகனிங்கனில் காட்சே லெட்டிங்கா 1970களில் உருவாக்கிய யு.ஏ.எஸ்.பி. தொட்டியில், காற்றே ஊதாமல் கழிவுநீரை நேரடியாகக் கசடுப் படுகை வழியே மேல்நோக்கிச் செலுத்துவார்கள். புளோயர் தேவையில்லை, வாயுவும் கிடைக்கும். ஆனால் உருவாகும் மீத்தேனில் கணிசமான பங்கு தண்ணீரிலேயே கரைந்து வெளியேறி, அடுத்த வாய்க்காலில் கலக்கம் ஏற்பட்டதும் காற்றில் கலந்துவிடும். கரைந்த மீத்தேனைப் பிடிக்க ஏற்பாடு இல்லாத யு.ஏ.எஸ்.பி.யைப் பசுமை என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான்.

## வேறென்ன செய்யலாம்?

1. அம்மோனியாவைப் பார்த்துக் காற்று விடுவது. டி.ஓ.வை நிலையாக ஓர் எண்ணில் பிடிப்பதற்குப் பதிலாக, தொட்டியில் அம்மோனியா எவ்வளவு இருக்கிறது என்பதைத் தொடர்ந்து அளந்து, அதற்கேற்ப புளோயரை ஏற்றி இறக்குவது. காலையில் எல்லோரும் குளித்துக் கிளம்பும் நேரத்தில் வரும் சுமையும் நள்ளிரவுச் சுமையும் ஒன்றல்லவே. இதோடு நைட்ரைட்டையும் கவனித்தால் கரன்ட்டும் மிச்சம், வாயுவும் அடங்கும். புதிதாகத் தொட்டி கட்டாமலே செய்யக்கூடியவற்றில் முதலிடம் இதற்குத்தான்.

2. அனாமாக்ஸ். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1990களில் கண்டறிந்த பாக்டீரியா. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நேராகச் சேர்த்து நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். சுற்று வழி மிச்சமாவதால் ஆக்சிஜன் தேவை 60 சதவீதம் வரை குறையும், கரிமப் பொருளும் வேண்டாம். செரித்த கசடைப் பிழிந்தெடுத்த தண்ணீரில் அம்மோனியா அடர்த்தியாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். இந்தப் பாக்டீரியாவுக்கு அது தோது. முதல் முழு அளவுத் தொட்டி 2002இல் ரோட்டர்டாமில் ஓடத் தொடங்கியது. ஆனால் இதற்கு வேண்டுமென்றே நைட்ரைட்டை உருவாக்க வேண்டும். நைட்ரைட் என்றால் என்ன அர்த்தம் என்று மேலே பார்த்தோம். அளக்காமல் ஓட்டக்கூடாத முறை.

3. சிறுநீரைத் தனியே பிரிப்பது. ஒரு சதவீதக் கன அளவு, 80 சதவீத நைட்ரஜன். அதைக் கழிப்பறையிலேயே பிரித்து உரமாக்கினால் நிலையத்தின் நைட்ரஜன் வேலை பெருமளவு தீர்ந்துவிடும். காற்றிலிருக்கும் நைட்ரஜனை ஏகப்பட்ட எரிபொருள் செலவழித்து உரமாக்கி, அது பயிராகி, உணவாகி, கழிவாகி வந்ததும், மறுபடி கரன்ட் செலவழித்துக் காற்றிலேயே விடுகிறோம் என்பதை யோசித்தால் இந்த வழியின் அழகு புரியும். கட்டி முடித்த கட்டடங்களில் குழாயை மாற்றுவதுதான் முட்டுக்கட்டை. புதுக் கட்டடங்களுக்குப் பொருந்தும்.

4. வெப்பம். ஒரு கன மீட்டர் கழிவுநீரை ஒரு டிகிரி குளிரவைத்தால் 1.16 யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். சுத்திகரிக்கவே அரை யூனிட்தான் ஆகிறது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வான்கூவரில் 2010 முதல் ஒரு குடியிருப்புப் பகுதிக்குக் கழிவுநீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அனுப்புகிறார்கள். குளிர் நாடுகளுக்கு வரப்பிரசாதம். ஆண்டு முழுக்க வியர்க்கும் ஊர்களுக்கு வாங்க ஆள் இல்லாத சரக்கு.

5. மறுபயன்பாடு. கடல்நீரைக் குடிநீராக்க கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். சுத்திகரித்த கழிவுநீரை அதே தரத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு யூனிட். நமீபியாவின் விண்ட்ஹோக் 1968 முதல் இதைக் குடிநீரில் நேரடியாகச் சேர்க்கிறது. கடல்நீரை நாடவேண்டிய ஊர்களில் இந்த வித்தியாசமே பெரிய சேமிப்பு. ஆற்றுநீர் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் இதே வாதம் எடுபடாது.

6. கசடை எரிப்பவர்கள் உலை வெப்பத்தைப் பார்க்க வேண்டும். 800 டிகிரியில் எரித்தால் நைட்ரஸ் ஆக்சைடு வரும். 850க்கு உயர்த்தினால் அது பாதிக்கும் மேல் குறைகிறது என்று ஜப்பானின் அனுபவம் காட்டுகிறது.

குளங்கள், நாணல் படுகைகள் போன்ற இயற்கை வழிகளையும் கேட்பார்கள். கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரப்பில் இருக்கும் ஈரநிலம் நகரத்தின் கழிவுநீரை வாங்கி மீன் வளர்க்கிறது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆழமில்லாத, வெயில் படும் குளமாக இருந்தால் பாசி ஆக்சிஜனைக் கொடுத்து மீத்தேனை அடக்கி வைக்கும். ஆழம் கூடி அடியில் கசடு சேர்ந்துவிட்டால் அதே குளம் மீத்தேன் தொழிற்சாலை. ஐ.பி.சி.சி. மதிப்பில் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட காற்றில்லாக் குட்டை, செப்டிக் டேங்கைவிட மோசம். இயற்கை முறை என்ற பெயரை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது.

## சட்டம் எதைக் கேட்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் போட்ட நகர்ப்புறக் கழிவுநீர் விதியைத் திருத்தி எழுதியது. புதிய விதி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 10,000 பேருக்குச் சமமான சுமைக்கு மேல் வாங்கும் நிலையங்கள், நாடு முழுவதற்குமான கூட்டுக் கணக்கில், பயன்படுத்தும் ஆற்றலுக்கு ஈடாகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலைத் தயாரித்தாக வேண்டும்: 2030இல் 20 சதவீதம், 2035இல் 40, 2040இல் 70, 2045இல் 100. இதைத்தான் 'ஆற்றல் சமநிலை' என்கிறார்கள். செய்திகளில் அது 'கார்பன் சமநிலை' ஆகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் வேறு வேறு. அதே விதி மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் கண்காணிக்கச் சொல்கிறது. ஆனால் ஆற்றலுக்கு வைத்ததுபோல ஆண்டு வாரியாக உச்சவரம்பு எதையும் வாயுக்களுக்கு வைக்கவில்லை.

அடுத்த முறை இப்படியொரு அறிவிப்பு கண்ணில் பட்டால் மூன்று கேள்விகள் போதும்.

1. கணக்கில் மின்சாரம் மட்டும்தானா, தொட்டி வாயுக்களும் உண்டா?

2. செரிமானத் தொட்டி இருந்தால், கசிவு சோதனை கடைசியாக எப்போது நடந்தது? செரித்த கசடு மூடிய தொட்டியில் இருக்கிறதா, திறந்தவெளியிலா?

3. நைட்ரஸ் ஆக்சைடு எண் அளந்ததா, வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டதா? அளந்தது என்றால் எத்தனை மாதம்? பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவான பதில் வந்தால், அந்த வாயு கொட்டிய வாரங்கள் கணக்கில் விழுந்தனவா என்பது யாருக்கும் தெரியாது.